மாமன் எடுத்து வைத்திருந்த பேச்சு

கோர்ட்டில் தேதி போட்டுவிட்டார்கள் என்று வக்கீலம்மா போனில் சொன்ன அன்று, என் மாமன் செய்த முதல் காரியம் தன் வெள்ளை வேட்டியைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டதுதான். தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"இப்பவே எதுக்குங்க மாமா?" என்று கேட்டேன்.

"இந்தப் பனியில வெயில் என்னிக்கு வரும், என்னிக்கு வராதுன்னு யாரு கண்டா கண்ணு" என்றார்.

தை மாதம். காலை பத்து மணி வரைக்கும் எதிர்வீடு தெரியாது. அதனால் அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கொடியில் தொங்கிய அந்த வேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மிச்சம் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணத் தோன்றியது.

மாமன் என்றால் என் அம்மாவின் தம்பி. அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்பது அவர் வீடுதான். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதில் அரியூர் நாட்டில் அவருக்கு ஒரு துண்டு மரவள்ளிக் காடும், நிழல்மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும் உண்டு. அவர் வீட்டை ஒட்டி இறக்கிய ஓர் அறையில் நானும் என் மகளும் இருந்தோம். பகலில் நான் மகளிர் குழுவின் மில்லில் சாமை அரைக்கப் போவேன். மகள் மூன்றாம் வகுப்பு.

மகளின் அப்பா போர்வெல் லாரியில் வேலை செய்கிறவர். ஆறு மாதம் வடக்கே, ஒரு மாதம் மலையில் என்று இருந்தார். ஒருமுறை போனவர் ஒன்றரை வருடம் வரவில்லை. வந்தபோது அடிவாரத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டுத்தான் மலையேறினார். நான் கத்தினேன். ஒரு குண்டாவைத் தூக்கி எறிந்தேன். அது அவர் மேல் படவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதன் பிறகுதான் நாடு கூடியது.

நாடு கூடுவது என்றால், பெரியவர்கள் கோயில் முன்னால் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு முடித்து வைப்பது. எங்கள் பக்கம் குடும்பம் சேர்வதும் பிரிவதும் அங்கேதான். அந்தக் கூட்டத்தில் பெண் பேசுவதில்லை. பேசாதே என்று யாரும் அவள் வாயைப் பொத்துவதும் இல்லை. அவளுக்காக அவளுடைய தாய்மாமன் பேசுவார், அதுதான் முறை. "இந்தப் புள்ளைக்குப் பேச யாரு வந்திருக்கீங்க?" என்று பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். மாமன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, வெற்றிலை பாக்கையும் வாழைப்பழத்தையும் கூட்டத்தின் முன் வைத்து, கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பார். அவள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கும் மாமன்தான் பேசினார். பிரிந்துகொள்வதில் எங்களுக்குச் சம்மதம் என்றார். நான் எறிந்த குண்டாவைப் பற்றி எதிர்த் தரப்பு சொன்னபோது, "எறிஞ்சதும் அவதான், எடுத்துக் கழுவி வச்சதும் அவதானுங்க" என்று சொல்லிக் கூட்டத்தையே சிரிக்க வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பெரியவர், "கொழந்தைக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி குழந்தை அப்பன் வகையறாவுக்கு. மாமன் அந்த வழக்கத்தை அப்படியே சொன்னார். "கொழந்த அவிங்க வகையறாவோடது. நாங்க கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. கோடை லீவு விட்டதும் மகளை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று முடிவாகி, வெற்றிலை மாற்றி, எல்லாரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எழுந்தால் அது நடந்து முடிந்த விஷயமாகிவிடும் என்று தோன்றியது.

மாமனோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு செம்மேட்டில் இலவச சட்ட உதவி முகாம் நடந்தபோது, சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். அங்கேதான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். மகளை வளர்க்கிற பொறுப்பை எனக்கே தரச் சொல்லி நாமக்கல்லில் குடும்ப நல கோர்ட்டில் மனுப் போடலாம் என்றார். குழந்தைக்கு எது நல்லதோ அதைத்தான் கோர்ட் பார்க்கும், வழக்கத்தையும் காது கொடுத்துக் கேட்கும், ஆனால் அதோடு நிற்காது என்றார். மனு போட்ட பிறகுதான் மாமனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி, அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்புறம், "எப்பப் போறதுன்னு சொல்லு. நானும் வாரேன்" என்றார்.

அடுத்த முறை வக்கீலம்மாவைப் பார்க்க இரண்டு பேருமாக இறங்கினோம். அவர் என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மாமன் பதில் சொன்னார். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதற்குக்கூட. நானும் வாயைத் திறக்கவில்லை. அது அவர் இடம் என்று பழகியிருந்தது, எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. வக்கீலம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஐயா, எனக்கு ஒரு டீ சொல்லிட்டு வாங்களேன்" என்று அவரை வெளியே அனுப்பினார். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குப் பேச்சு வருமில்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ப்ளஸ் டூ படிச்சிருக்கறேனுங்க" என்றேன்.

"அப்ப நல்லது. கோர்ட்டுல நான் பேசுவேன். ஆனா ஜட்ஜ் உங்களையே பாத்து ஏதாவது கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். உங்க மாமா பேச முடியாது. உள்ள வரவே விடுவாங்களான்னு தெரியல."

அவர் சொன்ன மற்றதெல்லாம் இன்றைக்கும் மனப்பாடம். கேட்டதற்கு மட்டும் பதில். எதிர்த் தரப்போடு வளாகத்தில் பேச்சு வார்த்தை வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். குழந்தையை இப்போது கூட்டி வர வேண்டாம். குழந்தைக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். "பின்னால ஜட்ஜ் அவகிட்டப் பேசுவாங்க. சொல்லிக் குடுத்தது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோகும்" என்றார். டீ வந்தது. மாமன் மூன்று டம்ளரையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டு வந்து வைத்தார்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய பாடாகிவிட்டது. ஏனென்றால் அதற்குள் அவர் தயாராக ஆரம்பித்திருந்தார். மிளகு பறிக்கிற காலம் அது. ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறுவார். பனிக்குள் ஆள் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். "நாட்டுக்குக் கும்புடுங்க. நாயம் கேக்க உக்காந்திருக்கற அய்யாவுக்கும் கும்புடுங்க. நான் இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்..." அதற்குள் என் காலடியில் சருகு நொறுங்கும், பேச்சு நின்றுவிடும். "யாரு, நீயா கண்ணு? கஞ்சி கொண்டாந்தியா?" என்று இறங்கி வருவார். பத்துத் தடவையாவது அந்த முதல் மூன்று வரியைக் கேட்டிருப்பேன். நான்காவது வரி என்ன என்று எனக்குத் தெரியாது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? மில்லில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் நின்று நானும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் இருபது வரி இருந்தது. அதில் பதினைந்து வரி மகளின் அப்பாவைத் திட்டுவது. நாளாக நாளாக அந்த வரிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: எம் மக எங்கிட்ட இருக்கோணுமுங்க. அவ அப்பாவப் பாக்க வரட்டும், போகட்டும், நான் தடுக்க மாட்டேன். கூட வேலை செய்கிற அக்கா ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு, "என்னடி மாவுகிட்டப் பேசிக்கிட்டிருக்கற?" என்றார். தலையெல்லாம் மாவோடு நான் அசடு வழிய நின்றேன்.

மகளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தானா தெரிய வேண்டும்? ஒருநாள் அவள் பையில் இரண்டு பென்சில் டப்பா இருந்தது. இருந்த ஆறு பென்சிலை மூன்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணு இந்த ஊட்டுக்கு, ஒண்ணு அப்பா ஊட்டுக்கு" என்றாள். அழவில்லை, சிணுங்கவில்லை. ரப்பர் ஒன்றுதான் இருந்ததால் அதைப் பாதியாக அறுத்து வைத்திருந்தாள். அந்தப் பாதி ரப்பரைப் பார்த்து நான் புழக்கடைக்குப் போய் அழுதேன்.

தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமனிடம் சொல்லிவிட்டேன். மிளகைக் காயப்போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நேருக்கு நேர் சொல்ல வராமல், நானும் எதிர் மூலையிலிருந்து கிளறிக்கொண்டே சொன்னேன். அங்கே தாய்மாமன் பேசுகிற முறை கிடையாதாம் மாமா, நான்தான் பேச வேண்டுமாம்.

அவர் கால் நிற்கவில்லை. ஒரு கோடு முழுக்கக் கிளறி முடித்துவிட்டு, "அப்ப நான் எதுக்கு?" என்றார்.

"தொணைக்குங்க மாமா."

"தொணைக்கு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் கூடுதல் என்று ஒரு குறை சொன்னார். அவர் குறை சொல்கிற ஆளே இல்லை. ஆனால் மறுநாள் காலையிலும் ஏணி மேலிருந்து அதே குரல் கேட்டது. நாட்டுக்குக் கும்புடுங்க. நான் சருகை மிதிக்காமல் அங்கேயே நிற்கலாம் என்று பார்த்தேன். ஒட்டுக் கேட்பது போல இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கோர்ட்டுத் தேதியன்று விடியற்காலை முதல் பஸ். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நான் நீலப் புடவை. மாமன் அந்த வேட்டியும், துவைத்து மடித்த துண்டும், கையில் ஒரு மஞ்சள் பையும். எழுபது வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது டீ வாங்கிக் கொடுத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டேன். பையில் என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார்.

கோர்ட்டு வாசலில் போலீஸ்காரம்மா பையைத் திறக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஒரு கட்டு வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

"இது யாருக்குங்க பெரியவரே?"

"கோர்ட்டுக்குங்க" என்றார் மாமன். "நாயம் கேக்க வர்ற எடத்துக்கு வெறுங்கையோட வர்றதுங்களா?"

எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன். "உள்ள வைக்கக் கூடாதுங்க. மரத்தடியில வச்சுக்குங்க" என்று பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பத்தரைக்கு வரச் சொன்னார்கள், வந்தோம். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. அந்த வேப்பமரத்தடியில் எங்களைப் போல இருபது பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர்ச் சுவரோரம் என் மகளின் அப்பா தனியாக நின்றிருந்தார். பைக்கில் வந்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். நான் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, என் இரண்டு வரியை உதட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாமனைக் காணோம். சுவரோரம் போய் அந்த ஆளிடம் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வக்கீலம்மா என்ன சொன்னாங்க? அவருகூடப் பேசக் கூடாதுன்னு வர்ற வழியிலேயே சொன்னேனா இல்லைங்களா?"

"பேசலையே கண்ணு" என்றார் மாமன். "பழந்தான குடுத்தேன். விடியறப்பவே கெளம்பியிருப்பான். மொகத்தைப் பாத்தாத் தெரியல?"

எனக்கும் ஒன்றை உரித்துக் கொடுத்தார். தின்றேன். பசிதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு டவாலி வாசலில் வந்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இரண்டு பெயரும் சேர்ந்து வந்தது அன்றுதான். மாமனும் எழுந்தார். வாசலில், "கட்சிக்காரங்க மட்டும்" என்றார் டவாலி. "சரிங்க, சரிங்க" என்று மாமன் ஓர் ஓரமாக, கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் இல்லை. ஒரு பெரிய அறை, கட்டுக் கட்டாகக் காகிதம். ஜட்ஜ் ஒரு பெண். அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. வக்கீலம்மா எழுந்து நாலு வார்த்தை சொன்னார். அந்தப் பக்கத்து வக்கீல் நாலு வார்த்தை சொன்னார், அதில் 'வழக்கம்' என்ற சொல் இரண்டு முறை வந்தது. ஜட்ஜம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்?"

மில்லில் அத்தனை நாள் சொல்லிப் பார்த்த வரி வாய்க்கு வரவில்லை. கழுத்துதான் திரும்பியது. நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது. பேச்சு ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் மாமன் குரல் கேட்க வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. கதவோரம் அவர் நின்றிருந்தார். துண்டு எப்போது இடுப்புக்குப் போனதென்று தெரியவில்லை. இரண்டு கையும் கும்பிட்டபடி, வாய் பேசத் திறந்தபடி இருந்தது.

"அங்க யாரைப் பாக்கறீங்க? பயப்படாதீங்க, இங்க பாத்துச் சொல்லுங்க" என்றார் ஜட்ஜம்மா.

மாமன் வாயை மூடினார். மோவாயை ஒரு தரம் முன்னால் அசைத்தார். நீ சொல்லு.

நான் திரும்பிச் சொன்னேன். "எம் மக எங்கிட்ட இருக்கோணுமுங்க. அவ அப்பாவப் பாக்க வரட்டும், போகட்டும், நான் தடுக்க மாட்டேன்." அதோடு நின்றிருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாய் நிற்கவில்லை. "எங்க ஊர்ல முடிவு பண்ணுனப்ப அவளையும் கேக்கல, என்னையும் யாரும் கேக்கலீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேனுங்க."

சொன்ன பிறகுதான் கதவு திறந்திருப்பது ஞாபகம் வந்தது.

ஜட்ஜம்மா எழுதிக்கொண்டார். பிறகு மகளின் அப்பாவிடம், "குழந்தை இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அவகிட்டத்தானுங்க."

"எப்படி இருக்கு?"

அவருடைய வக்கீல் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தானுங்க இருக்கு" என்றார். ஒரு காலத்தில் எனக்கு அவரைப் பிடித்ததும் இதனால்தான். கேட்டால் பொய் சொல்ல வராது. கேட்காவிட்டால் எதையும் சொல்ல மாட்டார், அதுதான் தொல்லை.

இரண்டு பேரும் கவுன்சிலிங் போக வேண்டும் என்றும், அடுத்த வாய்தா ஒரு மாதம் கழித்து என்றும், குழந்தையிடம் பிறகு தானே பேசுவதாகவும், வேறு உத்தரவு வரும்வரைக்கும் குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் ஜட்ஜம்மா சொன்னார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் இருக்காது. வெளியே வந்ததும் வக்கீலம்மா என் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னீங்க" என்றார். குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த ஒரு வரியை யாராவது எனக்கு எழுதிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு மாமன் எனக்கு முன்னால் நடந்தார். பஸ்ஸில் சேந்தமங்கலம் தாண்டியும் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். மடியில் அந்த மஞ்சள் பை, அதில் வாடிப்போன வெற்றிலை. கோர்ட்டில், கேட்கிற தூரத்தில் அவரை நிற்க வைத்து, அவரைப் பற்றியே புகார் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எனக்காக அரைமாதம் ஏணி மேல் நின்று பேசிப் பார்த்த மனுஷன். அடிவாரம் வந்து முதல் வளைவில் பஸ் திரும்பியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, உங்களைச் சொல்லலீங்க. வாயில வந்துருச்சு."

"என்னையத்தான் சொன்ன" என்றார். குரலில் கோபம் இல்லை. "அதுல என்ன? அதை நானே சொல்றதாத்தான் வச்சிருந்தேன். நீ முந்திக்கிட்ட."

எனக்குப் புரியவில்லை. அவர் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். துண்டை எடுத்து, உட்கார்ந்தபடியே இடுப்பைச் சுற்றினார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் ஆரம்பித்தார்.

"நாட்டுக்குக் கும்புடுங்க. நாயம் கேக்க உக்காந்திருக்கற அய்யாவுக்கும்..." நிறுத்தினார். "அம்மாவுக்கும் கும்புடுங்க. நான் இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன். இவ பொறந்தன்னிக்கி நாக்குல சக்கரத்தண்ணி தொட்டு வச்சவன். அதனாலதான் இவ வாய் கொஞ்சம் நீளமுன்னு ஊர்ல சொல்லுவாங்க, இருக்கலாமுங்க. படிக்க ஆஸ்டல்ல சேத்தோம். ரெண்டு தடவ ஓடியாந்துட்டா. ரெண்டு தடவையும் நான்தான் கூட்டிக்கிட்டுப் போயி உட்டேன். மூணாந்தடவ ஓடியாரல, பாஸ் பண்ணிட்டுத்தான் வந்தா. கோவக்காரிதானுங்க, சபையில மறைக்கலீங்க. ஆனா அந்தக் கொழந்தைக்குக் காச்சல் வந்த அன்னிக்கி ரெண்டு நா கண்ண மூடாம மடியிலயே வச்சிருந்தா. நான் கொஞ்ச நேரம் வச்சுக்கறேன்னு கேட்டேன். குடுக்கல."

பஸ் திரும்பியது. பை சரிந்தது, பிடித்துக்கொண்டேன். என் கண்ணுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு ஒருவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. நேரில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா, கஞ்சி கொண்டாந்தியா, அவ்வளவுதான்.

"எங்க நாடு கூடுனப்ப, கொழந்தைக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. நான் வழக்கத்தச் சொன்னேன். வழக்கம் தெரிஞ்சவன்னு பேரெடுக்கோணுமே. சொல்றதுக்கு முன்னால ஒரு தடவ திரும்பி இவ மொகத்தப் பாத்திருந்தாப் போதுமுங்க. எனக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தா. ரெண்டடி தூரம். நான் திரும்பல." கம்பியைப் பிடித்திருந்த கை இறங்கியது. "அதைச் சபையில ஒத்துக்கறதுக்குத்தான் வந்தனுங்க. அவ்வளவுதான் கண்ணு பேச்சு. மிச்சமெல்லாம் கும்புடு."

நான் வாய்விட்டு அழுதேன். முன்சீட்டில் இருந்தவர் வாந்தி வருகிறதாக்கும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"இன்னிக்கி நான் திரும்புனப்ப நீங்க அங்கதான் இருந்தீங்க மாமா" என்றேன்.

அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் மகள் பள்ளிக்கூடப் பையோடு காத்திருந்தாள். ஓடி வந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு பேசுனீங்க? நீங்களா, அம்மாவா?" என்று கேட்டாள்.

"கோர்ட்டுல உங்கம்மா பேசுனா சாமி. நான் பஸ்ஸுல பேசுனேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் எப்பப் பேசறது?"

மாமன் பையைக் கீழே வைத்தார். வெள்ளை வேட்டி மண்ணில் படுவதைப் பார்க்காமல், ரோட்டோரத்தில் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர் இருந்தன.

"இப்பவே பேசு கண்ணு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். குழந்தைக்கு எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று வக்கீலம்மா சொன்னது ஞாபகம் வந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் பதில் சொல்லக் கூடாது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன். இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.